சிவப்பு வருவது அறுபது கிராமில்: வீட்டில் ஐரிஷ் ரெட் ஏல் காய்ச்சுதல்

கேள்வி சுருக்கமாக இதுதான். லண்டனில் வசிக்கும் ஒருவர், மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) பாகு டப்பாக்களை வைத்து மூன்று முறை வீட்டில் பீர் காய்ச்சிப் பழகிய பின், நான்காம் முறை முழுத் தானியத்திலிருந்தே ஐரிஷ் ரெட் ஏல் என்ற செம்பு நிற பீரைச் செய்து பார்த்திருக்கிறார். 20 லிட்டருக்கு 3.6 கிலோ வெளிர் மால்ட், இரண்டு வகைக் கிரிஸ்டல் மால்ட் சேர்த்து 700 கிராம், சாக்லேட் மால்ட் 200 கிராம் எடுத்து, 70 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் மாஷ் செய்திருக்கிறார், அதாவது தானியத்தை வெந்நீரில் ஊறவைத்திருக்கிறார். தொடக்க அடர்த்தி (தண்ணீரை 1.000 என்று கொண்டு, கரைந்த சர்க்கரையின் அளவைக் காட்டும் எண்) 1.048 வந்திருக்கிறது, நொதித்தல் 1.018-இல் நின்றுவிட்டது. கிடைத்த பீர் டிக்காஷன் நிறத்தில், கருப்பட்டிப் பாகு குடிப்பது போல இருக்கிறதாம். எங்கே பிழைத்தது, சிவப்பு எப்படி வரும், முதலிலிருந்து முழுச் செய்முறை என்ன என்று கேட்கிறார்.

உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை. நாலரைக் கிலோ தானியத்திலிருந்து 20 லிட்டருக்கு 1.048 எடுத்திருக்கிறீர்கள் என்றால், அரைத்ததும் கழுவி வடித்ததும் சரியாகவே நடந்திருக்கின்றன. பிழை பொருள் பட்டியலிலும் அந்த 70 டிகிரியிலும் இருக்கிறது. சிவப்பு வேண்டும் என்பதற்காக நிறம் தரும் மால்ட்டுகளை அள்ளிப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் இந்த பீருக்குச் சிவப்பைத் தருவது இரண்டு கைப்பிடிகூட நிறையாத வறுத்த பார்லிதான், மற்றவை அதற்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். கிரிஸ்டல் மால்ட்டைக் குறைப்பதும், சாக்லேட் மால்ட்டை அறவே விடுவதும், மாஷ் வெப்பத்தை மூன்று டிகிரி இறக்குவதுமே என் பதிலில் முக்கால் பங்கு. மீதிக் கால் பங்கு லண்டன் குழாய்த் தண்ணீரைப் பற்றியது.

முதலில், எதைச் செய்ய முயல்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். ஐரிஷ் ரெட் என்றதும் மடத்துத் துறவிகள் காய்ச்சிய தொன்மையான பானம் என்று கதை கட்டிவிடுகிறார்கள். கில்கென்னி நகரில் ஜான் ஸ்மித்விக் 1710-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் ஆலை, 13-ஆம் நூற்றாண்டுப் பிரான்சிஸ்கன் மடத்தின் இடிபாடுகளைத் தன் வளாகத்துக்குள்ளேயே வைத்திருந்தது அந்தக் கதைக்கு வசதியாகப் போயிற்று. (அந்த பீரின் பெயரை அயர்லாந்தில் ‘ஸ்மிதிக்ஸ்’ என்றே உச்சரிப்பார்கள், எழுத்தில் உள்ளபடி நடுவில் ‘விக்’ என்று அழுத்திச் சொன்னால் வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும்.) 1965-இல் அந்த ஆலை கின்னஸ் வசம் போனது, 2013-இல் அது மூடப்பட்டு, காய்ச்சும் வேலை டப்ளினுக்கு இடம் மாறியது. வெக்ஸ்போர்டு மாவட்டத்தின் என்னிஸ்கார்த்தியில் லெட் குடும்பம் நடத்திய ஆலை 1956-இலேயே மூடப்பட்டது. ஆனால் அந்தக் குடும்பத்து ஜார்ஜ் கில்லியன் லெட்டின் பெயரை உரிமம் பெற்று, பிரான்சில் பெல்ஃபோர்த் நிறுவனமும் பிறகு 1981 முதல் அமெரிக்காவில் கூர்ஸ் நிறுவனமும் விற்றன. ‘ஐரிஷ் ரெட்’ என்ற பெயர் உலகெங்கும் பழகிப்போனதில் அந்த அமெரிக்க விற்பனைக்குப் பெரும் பங்கு உண்டு. வேடிக்கை என்னவென்றால், அங்கே அந்தப் பெயரில் விற்கப்பட்டது ஏல்கூட அல்ல, குளிரில் மெதுவாக நொதிக்கவிடும் லாகர். முளைகட்டாத தானியத்தை பீரில் சேர்ப்பதற்கான தடை நீங்கியதே 1880-இல், பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை எடுத்தபோதுதான். ஆகவே முளைகட்டாத பார்லியை வறுத்துச் சேர்த்து நிறமேற்றும் இன்றைய முறை, துறவிகள் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தையது.

வீட்டில் காய்ச்சுவோர் பெரிதும் பின்பற்றும், பி.ஜே.சி.பி. என்ற பீர் நடுவர் அமைப்பின் வழிகாட்டி இந்த வகைக்குத் தரும் எல்லைகள் பயனுள்ளவை: தொடக்க அடர்த்தி 1.036 முதல் 1.046, இறுதி அடர்த்தி 1.010 முதல் 1.014, கசப்பு 18 முதல் 28 ஐ.பி.யு., நிறம் 9 முதல் 14 எஸ்.ஆர்.எம்., ஆல்கஹால் 3.8 முதல் 5 சதவீதம். உங்கள் பட்டியலைக் கணக்கிட்டால் நிறம் 23 எஸ்.ஆர்.எம். அளவில் வருகிறது, அதாவது போர்ட்டர் என்னும் கறுத்த பீர் வகைக்குப் பக்கத்தில். ஆனால் எண்களைவிட நாக்கில் நடக்கும் வரிசை முக்கியமானது: முதல் மிடறில் மெல்லிய ரொட்டி மணமும் கொஞ்சம் இனிப்பும், நடுவில் ஒன்றும் உறுத்தாத மென்மை, விழுங்கிய பின் வறுகடலைத் தோலை மென்றது போன்ற ஓர் உலர்ந்த முடிவு, அதுவும் சட்டென்று மறைந்துவிட வேண்டும். இந்தக் கடைசி உலர்வு இல்லாவிட்டால் அது வெறும் இனிப்பு பீர்தான். மூன்றாவது கிளாஸ் இறங்காது.

நிறத்துக்கு வருவோம். கிரிஸ்டல் மால்ட் என்பது, முளைகட்டிய பார்லியை ஈரத்தோடு சூடாக்கி, தோலுக்குள்ளேயே மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிப் பாகுபோல இறுகவைத்தது. அது தரும் நிறம் தேன் முதல் ஆரஞ்சு வரை, அளவு கூடினால் பழுப்பு. சாக்லேட் மால்ட் முளைகட்டியதைக் கடுமையாக வறுத்தது. அதன் நிறம் பழுப்பு, சுவை காபி. வறுத்த பார்லியோ முளைகட்டாமலேயே கருக வறுக்கப்பட்டது. அதை மிகக் குறைந்த அளவில் கரைத்தால் நீலமும் பச்சையும் உறிஞ்சப்பட்டுச் சிவப்பு மட்டும் ஊடுருவி வரும். அளவு கூடக்கூட அந்தச் சிவப்பும் அடைபட்டுக் கறுப்பாகிவிடும். நன்னாரி சர்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாகு புட்டியில் கறுப்பாக இருப்பதே, இரண்டு கரண்டி எடுத்துக் கிளாஸில் தண்ணீர் விட்டு வெயிலில் தூக்கிப் பிடித்தால் மாணிக்கம் போலச் சிவக்கிறது. ஐரிஷ் ரெட் ஏலும் அப்படித்தான்: மேசைமேல் இருக்கும்போது செம்பு நிறம், ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால் மட்டும் சிவப்பு. எந்தக் கோணத்திலும் ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

ஆகவே 20 லிட்டருக்கு நான் வைத்துக்கொள்ளும் அளவு இது. மாரிஸ் ஆட்டர் அல்லது ஐரிஷ் வெளிர் ஏல் மால்ட் 3.7 கிலோ, நடுத்தரக் கிரிஸ்டல் மால்ட், 150 இ.பி.சி. (ஐரோப்பிய நிற அலகு) நிறம் கொண்டது, 250 கிராம். வறுத்த பார்லி, 1300 இ.பி.சி. நிறம் கொண்டது, 60 கிராம். அவ்வளவுதான். கணக்குப்படி தொடக்க அடர்த்தி 1.044, நிறம் 13 எஸ்.ஆர்.எம்.க்குச் சற்றுக் குறைவு. அமெரிக்காவில் தயாராகும் வறுத்த பார்லி பெரும்பாலும் இவ்வளவு கறுப்பாக இருப்பதில்லை. அது கிடைத்தால் 90 கிராம் வரை போகலாம், ஆகவே பொட்டலத்தில் அச்சிட்ட எண்ணைப் பாராமல் எடை போடாதீர்கள். சமையலறைத் தராசு 5 கிராம் பிசகினாலும் இந்தப் பொருளில் அது தெரியும். ஒருமுறை நான் வாங்கிய பொட்டலத்தில் வறுத்த பார்லி என்று சீட்டு ஒட்டியிருந்தும் உள்ளே இருந்தது சாக்லேட் மால்ட். அதன் பிறகு இரண்டு மணிகளைக் கடித்துப் பார்க்காமல் நான் மாஷில் போடுவதில்லை: சாக்லேட் மால்ட் பல்லில் பொலபொலவென்று உதிரும், வறுத்த பார்லி கடினமாக நின்று, கருகிய ரொட்டி விளிம்பைப் போல நாக்கை உலர்த்தும்.

கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களில் யோசிக்க அதிகம் இல்லை. ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் என்ற ஹாப்ஸ் வகை, கசப்புக்குக் காரணமான ஆல்ஃபா அமிலம் 5 சதவீதம் என்றால், கொதி தொடங்கியதும் 35 கிராம், முடிய 15 நிமிடம் இருக்கையில் 10 கிராம். இரண்டும் சேர்ந்து 23 ஐ.பி.யு. அளவில் நிற்கும். ஃபகிள்ஸ் கிடைத்தாலும் சரியே. மணம் வேண்டும் என்று கடைசியில் அமெரிக்க ஹாப்ஸைத் தூவுவது உங்கள் விருப்பம். ஆனால் எலுமிச்சைத் தோல் மணமும் வறுத்த தானியத்தின் உலர்வும் ஒரே கிளாஸில் ஒத்துப்போய் நான் கண்டதில்லை.

இனித் தண்ணீர். உங்கள் கெட்டிலின் அடியைப் பாருங்கள். அந்த வெள்ளைப் படிவு சுண்ணாம்பு. லண்டன் குழாய் நீரில் கால்சியம் பைகார்பனேட் அவ்வளவு இருக்கிறது. பைகார்பனேட் மாஷின் அமிலத்தன்மையைக் குறைத்து, பி.எச். அளவை 5.2 முதல் 5.5 வரை நிற்கவிடாமல் மேலே தள்ளுகிறது. பி.எச். கூடினால் தானியத் தோலிலிருந்து துவர்ப்பு இறங்கும், நிறமும் மங்கிக் கறுக்கும். ஸ்டௌட் என்ற கறுப்பு பீரில் சேரும் ஏராளமான வறுத்த தானியம் தன் அமிலத்தால் அதைச் சமன் செய்கிறது என்பது தெரிந்ததே. ஆனால் நம்மிடம் இருப்பது வெறும் 60 கிராம்; அவ்வளவு சிறிய அளவால் அந்த வேலையைச் செய்ய இயலாது. செலவில்லாத வழி பழைய வழிதான்: காய்ச்சுவதற்கு முந்தைய இரவு, தேவையான 30 லிட்டருக்குச் சற்று அதிகமாகவே தண்ணீரை 15 நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்து மூடி வைத்துவிடுங்கள். காலையில் அடியில் வெள்ளை மாவாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும். கலக்காமல் மேல்தண்ணீரை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். கொதித்ததில் கால்சியமும் சேர்ந்து இறங்கிவிட்டிருக்கும், அதை ஈடு செய்ய 4 கிராம் கால்சியம் குளோரைடும் 2 கிராம் ஜிப்சமும் கலந்தால் போதும். குழாய் நீரில் கிருமிநாசினியான குளோரமைன் இருந்தால் கொதிக்கவைப்பதால் மட்டும் அது முழுதும் போகாது, ஆகவே அரைக் கேம்ப்டன் (சல்ஃபைட்) மாத்திரையைப் பொடித்துக் கரைத்துவிடுங்கள். இதைத் தவறவிட்டால் பீரில் மருத்துவமனைக் கட்டுத்துணி வாசனை வரும்; பிறகு எதைச் செய்தாலும் அது போகாது.

ஒரு சொல் விளக்கம். தானியத்தை வெந்நீரில் ஊறவைப்பதைத் தமிழில் ‘ஊறல்’ என்று எழுதலாம்தான், ஆனால் நம் செய்தித்தாள்கள் ‘சாராய ஊறல் அழிப்பு’ என்று எழுதி எழுதி அந்தச் சொல்லுக்கு வேறு மணம் ஏற்றிவிட்டன. அதனால் மாஷ் என்றே வைத்துக்கொள்கிறேன்.

தானியத்தை அரைக்கும்போது தோல் கிழியாமல் உள்ளே உள்ள மாவுப்பகுதி மட்டும் நான்கைந்து துண்டாக உடைய வேண்டும். மிக்ஸியில் போட்டு மாவாக்கினால் சத்து நன்றாக இறங்கும், ஆனால் வடிகட்டும்போது களி போல இறுகிக்கொண்டு ஒரு சொட்டும் கீழே வராது. கடையிலேயே உடைத்து வாங்குவது இப்போதைக்கு உங்களுக்கு நல்லது. மொத்தம் 4 கிலோ தானியம், கிலோவுக்கு 3 லிட்டர் வீதம் 12 லிட்டர் வெந்நீர். சமையலறையில் கிடந்த தானியம் 20 டிகிரியில் இருக்கும் என்று கொண்டால், தண்ணீர் 73.5 டிகிரியில் இருக்கும்போது கலந்தால் கலவை 67-இல் வந்து நிற்கும். நீங்கள் மாஷ் செய்யப் பயன்படுத்தும் பாத்திரம் எதுவானாலும், ஐஸ்பெட்டியாக இருந்தாலும், முதலில் இரண்டு மூன்று லிட்டர் கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிடுங்கள். இல்லையென்றால் பெட்டியின் சுவரே இரண்டு டிகிரியைத் தின்றுவிடும். தானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். கேழ்வரகுக் களி கிண்டுவதில் உள்ள அதே ஆபத்து இங்கும் உண்டு: மேலே நனைந்து உள்ளே உலர்ந்த மாவுக் கட்டிகள் தங்கிவிட்டால் அவற்றிலிருந்து ஒன்றும் இறங்காது.

67 என்ற எண்ணை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. மால்ட்டில் உள்ள இரண்டு நொதிகளுள் பீட்டா அமைலேஸ் 60 முதல் 65 டிகிரி வரை சுறுசுறுப்பாக இருந்து, ஈஸ்ட் எளிதில் உண்ணக்கூடிய மால்ட்டோஸைத் தருகிறது. ஆல்ஃபா அமைலேஸ் 70 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் மாவுச்சத்துச் சங்கிலியை இடையிடையே வெட்டி, ஈஸ்ட் தொட முடியாத நீளமான துண்டுகளையும் விட்டுச்செல்கிறது. நீங்கள் 70-இல் வைத்தபோது பீட்டா அமைலேஸ் சில நிமிடங்களிலேயே செயலிழந்திருக்கும். அதோடு 700 கிராம் கிரிஸ்டல் மால்ட் கொண்டுவந்த, நொதிக்காத சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. 1.018-இல் நின்றது ஈஸ்ட்டின் சோம்பேறித்தனம் அல்ல. அதற்கு மேல் உண்ண அதற்கு ஒன்றும் மிச்சமில்லை. 66 அல்லது 67-இல் மாஷ் செய்து, கிரிஸ்டல் மால்ட்டை ஆறு சதவீதத்தை ஒட்டி நிறுத்தினால் 1.011 அல்லது 1.012-க்குத் தானாக இறங்கும்.

வறுத்த பார்லியை மாஷின் கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும் சேர்த்தால் நிறம் வரும், கசப்பு வராது என்று சொல்பவர்கள் உண்டு. 300 கிராம் சேரும் ஸ்டௌட்டில் அதற்குப் பொருள் இருக்கலாம். 60 கிராமுக்கு நான் இரண்டு விதமாகவும் செய்து, இரண்டு கிளாஸையும் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தேன். வித்தியாசம் சொல்ல முடியவில்லை. முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஒரு மணி நேரம் ஆனதும், வெள்ளைத் தட்டில் ஒரு கரண்டி மாஷ் நீரைத் தோல் விழாமல் எடுத்து, ஒரு சொட்டு டிஞ்சர் அயோடின் விடுங்கள். பள்ளிக்கூடத்தில் சோற்றுக் கஞ்சியில் செய்த அதே சோதனைதான். விளிம்பில் நீலக்கறுப்பு படர்ந்தால் மாவுச்சத்து மிச்சமிருக்கிறது, இன்னும் கால் மணி நேரம் விடுங்கள். அயோடினின் செம்பழுப்பு அப்படியே நின்றால் வேலை முடிந்தது. தட்டில் இருப்பதைக் கொட்டிவிடுங்கள், பாத்திரத்தில் திரும்ப ஊற்ற வேண்டாம். தானியத் தோல் ஒன்று விழுந்திருந்தாலும் அது மட்டும் கறுத்துக் காட்டும். அதைக் கண்டு பயந்து மூன்று மணி நேரம் மாஷ் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

வடிக்கும்போது முதல் இரண்டு மூன்று லிட்டர் கலங்கலாக வரும். அதைக் கிண்ணத்தில் பிடித்து, தானியப் படுகை கலையாதபடி மேலே மெதுவாக ஊற்றிக்கொண்டே இருந்தால் படுகையே வடிகட்டியாகிவிடும். தெளிந்த பிறகு கொதிகலனுக்குத் திருப்புங்கள். 12 லிட்டர் ஊற்றியதில் 8 லிட்டர்தான் திரும்ப வரும், மீதி 4 லிட்டரைத் தானியம் குடித்துவிடும். பிறகு 76 டிகிரித் தண்ணீர் 17 லிட்டரை இரண்டு பாகமாக ஊற்றி, கிளறி, பத்து நிமிடம் அடங்கவிட்டு வடித்தால் கொதிகலனில் 25 லிட்டர் வோர்ட், அதாவது இன்னும் நொதிக்காத இனிப்பு மால்ட் நீர், சேரும். இதன் அடர்த்தி 1.037 வாக்கில் இருக்கும். சூட்டோடு, அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை விட்டால் தவறாகக் காட்டும், ஒரு சிறு குழாயில் எடுத்து 20 டிகிரிக்கு ஆறவிட்டுப் பாருங்கள்.

கொதி வரும் நேரத்தில் அடுப்பை விட்டு நகராதீர்கள். பால் பொங்குவதைப் போலவே இதுவும் பார்த்துக்கொண்டிருக்கும் வரை பொங்காது, திரும்பிய நொடியில் பொங்கும். பாலைவிட ஒட்டும், தீய்ந்தால் வாசனை வாரக்கணக்கில் போகாது. நுரை அடங்கியபின் முதல் ஹாப்ஸைப் போட்டு 60 நிமிடம் திறந்தே கொதிக்கவிடுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில், பீர் தெளிவதற்காக ஒரு தேக்கரண்டி ஐரிஷ் மாஸ் சேர்க்கலாம். அது அயர்லாந்துக் கடற்கரைப் பாறைகளில் விளையும் சிவப்புப் பாசி. நோன்பு காலத்தில் நம்மூரில் கடற்பாசி காய்ச்சிச் சாப்பிடுகிறோமே, அதற்குத் தூரத்து உறவு. வோர்ட்டில் மிதக்கும் புரதங்களைக் கட்டியாக்கி அடியில் இறக்கும் வேலையைச் செய்கிறது. நிறம் சிவப்பாகத் தெரிவதற்குத் தெளிவும் ஒரு நிபந்தனை. கலங்கிய பீரில் ஒளி சிதறிச் சேறு போலத்தான் இருக்கும்.

அடுப்பை அணைத்ததும், செம்புச் சுருள் குழாயில் குளிர்நீர் ஓடவிட்டு, எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாக 18 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். இந்த நொடியிலிருந்து வோர்ட்டைத் தொடும் ஒவ்வொன்றும் கிருமிநீக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். இதற்கு முன் எவ்வளவு அசட்டையாக இருந்தாலும் கொதி காப்பாற்றியது, இனிக் காப்பாற்ற ஒன்றுமில்லை. அடியில் தங்கும் கசடை ஒரு லிட்டர் அளவு விட்டுவிட்டு 20 லிட்டரை நொதிகலனுக்கு மாற்றி, நன்றாகக் குலுக்கிக் காற்றேற்றுங்கள்.

ஈஸ்ட்டில் வையீஸ்ட் 1084 அல்லது ஒயிட் லேப்ஸ் டபிள்யூ.எல்.பி. 004, இரண்டும் ஐரிஷ் ஏலுக்கென்றே விற்கப்படும் திரவ வகைகள். இந்த அளவுக்கு ஏறக்குறைய 16,500 கோடி உயிரணுக்கள் வேண்டும்; ஆகவே ஒரு திரவப் பொட்டலத்தை அப்படியே ஊற்றுவதைவிட, இரண்டு நாள் முன்னதாக ஒன்றரை லிட்டர் மெல்லிய வோர்ட்டில் பெருக்கிக்கொள்வது நல்லது. அந்தச் சிரமம் வேண்டாம் என்றால் நாட்டிங்ஹாம் உலர் ஈஸ்ட் ஒரு பொட்டலம் போதும். சுத்தமாகவும் உலர்வாகவும் முடிக்கும். நான் இப்போது பெரும்பாலும் அதைத்தான் பயன்படுத்துகிறேன், வெட்கப்படவும் இல்லை. முதல் மூன்று நாள் கலனுக்குள் 18 டிகிரி இருக்கட்டும். அறை 18 டிகிரி என்றால் நொதிக்கும் கலனுக்குள் 21 அல்லது 22 ஆகிவிடும், ஏனென்றால் ஈஸ்ட் வேலை செய்யும்போது தானே சூட்டைக் கிளப்புகிறது. கலனைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி ஈரச் சட்டை ஒன்றைப் போர்த்திவைத்தால் இறங்கும். நான்காம் நாளிலிருந்து 20, 21 வரை ஏறவிடுங்கள்.

அப்படி ஏறவிடுவது டையசிட்டைல் என்ற பொருளுக்காக. வெண்ணெய் அல்லது பட்டர்ஸ்காட்ச் மிட்டாய் போன்ற அந்த மணம் நொதித்தலின் நடுவில் உண்டாகிறது, பிறகு ஈஸ்ட்டே அதைத் திரும்ப உட்கொள்கிறது, ஆனால் குளிரில் சோம்பி அப்படியே விட்டுவிடும். இந்த வகை பீரில் அது மிகச் சிறிதளவு இருப்பதை நடுவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். நான் பொறுத்துக்கொள்வதில்லை, அந்த உலர்ந்த முடிவின் மேல் வெண்ணெய் பூசியது போல ஆகிவிடுகிறது. பத்தாம் நாளில் கொஞ்சம் எடுத்து, மூடிய புட்டியோடு வெந்நீர்க் கிண்ணத்தில் அரைமணி வைத்துப் பிறகு ஆறவிட்டு முகர்ந்து பாருங்கள். மறைந்திருந்த வெண்ணெய் மணம் அதில் எழும்பினால் இன்னும் மூன்று நாள் பொறுங்கள்.

பாட்டிலில் அடைப்பதற்கு ஒரே நிபந்தனை, இரண்டு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகளும் ஒன்றாக இருக்க வேண்டும். கலனின் மூடியில் வாயு வெளியேறும் குமிழிப் பூட்டில் குமிழி நின்றுவிட்டதே என்று நான் முதல் வருடத்தில் 1.016-இல் அடைத்தேன்; மூன்றாம் வாரம் மாடிப்படிக்கு அடியிலிருந்த அலமாரியில் இரண்டு பாட்டில்கள் வெடித்தன. கண்ணாடிச் சில்லுகள் கதவின் உட்புறத்தில் குத்தி நின்றதைப் பார்த்த பின் ஹைட்ரோமீட்டரைத் தவிர எதையும் நம்புவதில்லை. 1.011-இல் நிலைத்துவிட்டால் ஆல்கஹால் 4.3 சதவீதம். வடித்தெடுத்த 19 லிட்டருக்கு 100 கிராம் சாதாரணச் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றிக் கலந்தால், இந்த பீருக்கு ஏற்ற மிதமான வாயு சேரும். அதற்கு மேல் போனால் சோடா போலச் சுறுசுறுவென்று நாக்கில் குத்தி மால்ட்டின் சுவையை மறைத்துவிடும். அரை லிட்டர் பழுப்புப் பாட்டில்கள் 38 வேண்டியிருக்கும். 20 டிகிரியில் இரண்டு வாரம், பிறகு குளிரில் ஒரு வாரம். பிரிட்டனில் 1963 வரை வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வேண்டியிருந்தது. இன்று சொந்தப் பயனுக்கும் நண்பர்களுக்கும் தடையில்லை, விற்கத்தான் கூடாது. பருகும்போது பனிக்கட்டிக் குளிர் வேண்டாம். குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வைத்து ஊற்றினால் ரொட்டி மணம் எழும்பும்.

கையில் இருக்கும் அந்தக் கறுத்த பாட்டில்களைக் கொட்டிவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ரெட் ஏல் என்று நினைக்காமல் குடித்தால் அது ஓர் இனிப்பான பிரௌன் ஏல். இரண்டு மாதத்தில் கருப்பட்டித்தனமும் சற்று அடங்கும். ஆனால் 1.018-ஐ எத்தனை முறை அளந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரே முறைதான் என்றால், ஒரு பாட்டிலை ஓரிரவு குளிரவைத்து, தடித்த துணி சுற்றி, பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் வைத்துத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று அடங்கினால் மாஷ் விட்டுச்சென்ற சர்க்கரைதான், பயமில்லை. நுரை கழுத்தைத் தாண்டிப் பீறிட்டால் மீதி அத்தனையையும் அன்றைக்கே குளிர்பெட்டிக்கு மாற்றிவிட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து வாயுவை வெளியேற்றி மீண்டும் மூடியிடுங்கள். அப்போதும் மிஞ்சுவதை மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு மூன்று மணி நேரம் சிறு தீயில் வேகும் ஐரிஷ் குழம்பில் ஊற்றலாம். அந்த இனிப்பு அதற்கு நன்றாகவே பொருந்தும்.